தட்டும் முழமும்: ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியின் தகுதி குறித்து ஓர் ஒலியியல் ஆய்வு

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிற ராசிங்காபுரமே இவ்வாய்வின் களம். ஆய்வுக்கூடம், எங்கள் வீட்டுத் திண்ணை. கருவி, ஆய்வாளரின் வலது காது. இடது காதில் ஆடி மாதத்து மேகாத்து விடாமல் அடித்துக்கொண்டிருந்ததால் அது கேட்டவை கணக்கில் சேர்க்கப்படவில்லை.

கருதுகோள் இதுதான்: ஞாயிறு காலை பதினோரு மணி வாக்கில் வீட்டுக்கு வருகிறவருக்கு டீ போடும்போது அடுப்படியிலிருந்து எத்தனை தட்டு கேட்கிறதோ, அதுவே அந்த வீட்டில் அவருக்குள்ள மரியாதை. தட்டு என்பது, மேடையில் ஓர் ஏலக்காயை வைத்து டம்ளரின் அடியால் ஒரு போடு போட்டால் எழும் ஓசை. ஒரு காய்க்கு ஒரு தட்டு. கையால் உரித்துப் போடுகிற வீடுகள் ஓசையற்றவை என்பதால் ஆய்விலிருந்து விலக்கப்பட்டன.

ஞாயிறு ஏன் என்று கேட்கலாம். மற்ற நாட்களில் இந்தப் பக்கத்துச் சனம் பலபேர் விடியுமுன் ஜீப் ஏறிவிடுவார்கள். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி மேலே போனால் காடு முழுக்க ஏலச்செடி. பொழுதுக்கும் குனிந்து காய் எடுத்துவிட்டு இறங்குகிறவர்கள் யார் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவார்கள்? உறவு என்பது இங்கே வாரத்துக்கு ஒருநாள்தான்.

ஏலம் விளைகிற மலைக்குக் கீழே இருந்துகொண்டு ஏலக்காயை எண்ணுவார்களா என்பது வெளியூர்க்காரர்கள் எழுப்பும் மறுப்பு. இங்கேதான் எண்ணுவார்கள். நாலைந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். 2019இல் ஏலத்தில் அந்த ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, எங்கள் வீட்டு ஏலக்காய் டப்பா அடுப்படியிலிருந்து பீரோவுக்குக் குடிபெயர்ந்தது. 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குண்டுக்காய்க்கு நல்ல விலை என்பதால் அது விற்பனைக்குப் போய்விடும். வீட்டுக்கு வாய்ப்பது வெடித்த காயும் வெளுத்த காயும்தான்.

இந்த இடத்தில் சொல்லாராய்ச்சி கொஞ்சம் தவிர்க்க முடியாதது. செடியும் ஏலம், அதைக் கூவி விற்பதும் ஏலம். முன்னது இங்கேயே முளைத்த பழைய சொல். பின்னது கப்பலேறி வந்த போர்ச்சுகீசியச் சொல்லின் தேய்வு. தாவரவியலாரின் ‘எலெட்டாரியா’ என்ற பெயர்கூட, 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் தொகுத்த ‘ஹோர்துஸ் மலபாரிக்குஸ்’ நூலில் பதிவான மலையாளப் பெயரிலிருந்து வந்ததுதான். இரண்டு ஏலமும் சந்தித்துக்கொள்ளும் ஊர் போடி. அங்கே ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். இதைக் கேட்டு உள்ளூரில் யாரும் சிரிப்பதில்லை.

இனி தரவுகள். பால் கணக்கு முடிக்க வந்தவருக்குத் தட்டு இல்லை. பக்கத்து வீட்டு மதினிக்கு ஒன்று. சீட்டுக்காரருக்குக் காசு கட்டிய வாரம் ஒன்று, கட்டாத வாரம் இரண்டு. தாய்மாமனுக்கு மூன்று. சம்பந்தி வீட்டாருக்கு ஐந்து. அதற்கு மேல் போனால் டீ கசாயமாகிவிடும் என்பதால் மரியாதைக்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருக்கிறது.

முடிவுகளைச் சரிபார்க்கப் பூ பயன்பட்டது. வந்த பெண்கள் கிளம்பும்போது அம்மா குங்குமம் கொடுத்து மல்லிகைச் சரத்தில் கொஞ்சம் கிள்ளித் தருவார். (ஏலச்செடியின் அடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து காய் பிடிக்கும் தண்டுக்கும் இங்கே சரம் என்றுதான் பெயர். இரண்டையும் கிள்ளத் தெரிந்த கை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.) ஒரு தட்டுக்காரருக்குச் சாண், மூன்று தட்டுக்கு முக்கால் முழம், ஐந்து தட்டுக்கு முழு முழம். பொருத்தம் அபாரம், ஒரேயொரு விலக்கைத் தவிர. எதிர்வீட்டுச் சின்னப்பிள்ளை டீயே குடிக்காது; ஆகவே தட்டு பூஜ்யம். ஆனால் அது வாசலில் வந்து முதுகைக் காட்டி நின்றால் போதும். அம்மா ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு சடைக்கும் சேர்த்து ஒரு பாலம் மாதிரி பூவை வளைத்து வைத்துவிடுவார். முழத்துக்கு மேலேயே இருக்கும். இதை எந்தச் சூத்திரத்திலும் அடக்க முடியவில்லை. அட்டவணையில் ‘பிற’ என்று போட்டிருக்கிறேன்.

ஆய்வின் அஸ்திவாரம் ஆடியது, அக்காவின் சம்பந்தி வந்த ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் ஐந்து தட்டு தெளிவாகக் கேட்டது. டம்ளரைக் கழுவப் போடுகிற சாக்கில் உள்ளே போய்ப் பார்த்தால், மேடையில் கிடந்தவை மூன்று தொலி.

“ஏம்மா, அஞ்சு தட்டு கேட்டுச்சே?”

“ரெண்டு சும்மா தட்டுனது. அவுகளுக்கும் காது இருக்குல்ல?”

அப்படியானால் விருந்தாளிகளும் எண்ணிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அரிசி போன பிறகு அந்தத் தொலிகள் சீனி டப்பாவுக்குள் போகின்றன. அடுத்த வாரம் சீட்டுக்காரருக்கு அதே தொலியை வைத்து ஒரு தட்டு. மணம் பெரும்பாலும் உள்ளிருக்கும் கறுப்பு அரிசியில்தான் என்றாலும், ஓசை முழுக்கத் தொலியில்தான் இருக்கிறது. மூன்று ஆண்டுத் தரவுகளில் எவை காய்த்தட்டு, எவை வெறுந்தட்டு என்று இனிப் பிரிக்க வழியில்லை.

ஆய்வு ரகசியமாக நடந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன். போன ஞாயிறு விருந்தாளி யாரும் வரவில்லை. நோட்டும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படியிலிருந்து தட்டு கேட்டது. ஒன்று, இரண்டு என்று ஏறி ஏழில் நின்றது. சம்பந்திக்கே கிடைக்காத எண்ணிக்கை. டீ வந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். டீத்தூள் வாசனை மட்டும் அடித்தது.