புஸ் என்னும் ஒலியும் மூவகை அளவையும்: ஷாக் பம்புத் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

மலைச் சைக்கிளின் ஷாக்குக்குக் காற்றடிக்கும் பம்பு வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது "என்ன விலை?" என்பதன்று, "இது எவ்வளவு ஒழுங்காகப் பொய் சொல்லும்?" என்பதே. இதை நிறுவுவது இவ்வாய்வின் நோக்கம்.

சைக்கிள் கடை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும், காலால் மிதித்துக்கொண்டு இரு கையாலும் அடிக்கும் பம்பும் பம்புதானே, அதுவே போதாதோ எனின், போதாது என்க. என்னை? அதன் உருளைக்கு 3 செ.மீ. விட்டம் என்று கொள்வோம். மலைச் சைக்கிள் டயருக்கு 25 பி.எஸ்.ஐ. இருந்தால் ஓடும். பின்பக்க ஷாக்குக்கோ 150 முதல் 250 வரை வேண்டும். ஷாக் பம்பின் முள் வழக்கமாக 300 வரை போகும். அந்த 300-ஐ 3 செ.மீ. உருளையில் எட்டக் கைப்பிடியின் மேல் 149 கிலோ பாரம் இறங்க வேண்டும். 70 கிலோ ஆள் கைப்பிடி மேலேயே ஏறி நின்றாலும் 140-ஐத் தாண்டாது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். உருளையை 1 செ.மீ. ஆக்கினால் அதே 300-க்கு 17 கிலோ அழுத்தம் போதும். ஷாக் பம்பு ஒல்லியாக இருப்பதன் காரணம் இது. ஒல்லியானதால் ஓர் அடிக்கு ஒரு மிடறு காற்றுதான் போகும். இந்தக் குணம் கட்டுரையின் கடைசியில் நம்மைப் பழிவாங்கும்.

வரலாறு நீண்டதன்று. 1976-ல் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 'ரீபேக்' என்ற மண்பாதையில் பழைய கனத்த சைக்கிள்களை உருட்டிப் பந்தயம் விட்டவர்களுக்கு ஷாக் என்று தனியாக எதுவும் கிடையாது, முழங்கால்தான். (இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோக, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மறுபடி கிரீஸ் திணிக்க வேண்டியிருந்தது; பெயர் அதனால் வந்தது.) பால் டர்னர் 1989-ல் ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி ஆர்.எஸ்-1 என்னும், காற்று ஷாக் அடங்கிய முன்சக்கர ஃபோர்க்கைக் கொண்டுவந்தார். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் நடந்த உலகப் போட்டியில் இறக்கப் பந்தயத்தை கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கோடு வென்றார். முழங்கால் செய்த வேலையைக் காற்று ஏற்றது. ஏற்றதும், 'எவ்வளவு காற்று?' என்ற கேள்வி பிறந்தது.

இனி அளவையியல். ஒன்றை அறியக் காண்டல், கருதல், உரை என்று மூன்று வழி உண்டென்பர் சித்தாந்திகள். அவர்கள் ஷாக் பம்பைக் கண்டதில்லை. ஆயினும் அதற்கென்றே வகுத்ததுபோல் பொருந்துகிறது. பம்பின் முள் காட்டும் எண் காண்டல். ஃபோர்க்கின் காலில் ஒட்டியிருக்கும் 'இவ்வளவு எடைக்கு இவ்வளவு காற்று' என்ற அட்டவணை உரை. சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, அது எவ்வளவு அமுங்கியது என்று பார்த்து உள்ளே உள்ளதை ஊகிப்பது கருதல். மூன்றும் ஒத்துப்போனதை நான் பார்த்ததில்லை.

காண்டலை எடுத்துக்கொள்வோம். முள் 180 காட்டும்வரை அடித்துப் பம்பைக் கழற்றுகிறோம். சந்தேகப் பிராணி ஆகையால் மறுபடி மாட்டுகிறோம். 170. யார் திருடியது? இங்கே இரு மதங்கள் உள. கழற்றும்போது கேட்கும் 'புஸ்' ஷாக்கின் காற்றே என்பர் ஒரு சாரார். இவர்களைப் புஸ்வாதிகள் எனலாம். அற்றன்று, அது குழாயில் தங்கிய காற்று என்பர் குழாய்வாதிகள். நல்ல பம்பில் மூக்கைத் திருகிக் கழற்றும்போது வால்வின் ஊசி முதலில் மூடிக்கொள்ளும், ரப்பர் பிடிப்பு பிறகுதான் விடும். ஆகவே குழாய்வாதமே சித்தாந்தம். அப்படியானால் 10 எங்கே போனது? மறுபடி மாட்டும்போது வெறுங்குழாயை நிரப்பப் போனது. ராபர்ட் பாயில் 1662-ல் சொன்னதுதான்: இடம் கூடினால் அழுத்தம் குறையும். ஷாக்கின் காற்றறை சின்னது. குழாய்க்குப் போகும் இரண்டு மூன்று கன செ.மீ. அதற்குப் பெரிய செலவு. களத்தில் நெல் அளக்க வந்தவர் அளந்து முடிந்ததும் கூலியாக ஒரு மரக்கால் எடுத்துக்கொள்வாரே, அதுபோல. சரிபார்க்கலாமென்று பத்து முறை மாட்டிக் கழற்றினவர் பத்துக் கூலி கொடுத்தவர்.

உரை அளவையின் குறை வேறு. அட்டவணை கேட்பது ஹெல்மெட், தண்ணீர்ப் பை, ஷூ எல்லாம் சேர்ந்த எடை. மனிதர்கள் சொல்வதோ கல்யாணத்துக்கு முந்தைய எடை.

எஞ்சுவது கருதல். ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் தூரத்தை 'சேக்' என்கிறார்கள். ஷாக்குக்கும் சேக்குக்கும் ஓரெழுத்து பேதந்தான். தொலைபேசியில் பேசினால் அதுவும் இல்லை. தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே ஒதுக்கிவிட்டு, ஆடாமல் ஏறி, ஆடாமல் இறங்கி, வளையம் எங்கே நிற்கிறதென்று ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். 50 மி.மீ. ஓட்டமுள்ள பின் ஷாக்கில் 15 மி.மீ. இறங்கினால் 30 சதவீதம். பலருக்கு அது சரியாக இருக்கும். வளையத்துக்கு எண் தெரியாது, ஆகவே அதற்குப் பொய்யும் தெரியாது. மேட்டுப்பாளையத்தில் 33 டிகிரி வெயிலில் 200 அடித்துக்கொண்டு 18 டிகிரி ஊட்டிக்குப் போனால், குளிரால் பத்து போல் இறங்கும், 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மெலிவதால் மூன்று போல் ஏறும். முள் 193 காட்டும். எது உண்மை 200 என்று மலை ரயிலிலா உட்கார்ந்து வாதிடுவது? ஏறி உட்கார்ந்து வளையத்தைப் பாருங்கள்.

ஆக, பம்பின் எண் சரியாக இருக்கத் தேவையில்லை. நேற்றுச் சொன்ன பொய்யையே இன்றும் சொன்னால் போதும். உங்கள் சேக் சரியாக அமைந்த நாளில் அது 176 என்றதா, இனி உங்கள் எண் 176. நண்பரின் பம்பில் அது 188 ஆக இருக்கலாம். அது அவர் குடும்ப விவகாரம். இந்தக் காரணத்தாலேயே பம்பை இரவல் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது. கொடுத்தால் திரும்பி வராது என்பது இரண்டாவது காரணம்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. 80 பி.எஸ்.ஐ. ஃபோர்க்குக்கு 600 வரை கோடிட்ட முள் வேண்டாம். நெருக்கிப் போட்ட கோடுகளுக்கு நடுவே 80-ம் 85-ம் ஒன்றுதான். டிஜிட்டல் படிக்க வசதி. அதன் பொத்தான் பேட்டரி அடிவாரக் கடையில் கிடைக்காது. காற்றுவிடும் பொத்தான் ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். தொட்டதும் இருபது போனால் வைத்துவிட்டு வாருங்கள். குழாயின் மூக்கு, சட்டத்துக்கும் ஷாக்குக்கும் நடுவிலுள்ள சந்தில் நுழைய வேண்டும். என் முதல் பம்பு நுழையவில்லை. அதை வாங்கியபோது சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

இறுதியாகக் களஆய்வு. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைச் சரிவில் டயர் பங்க்சர். மாற்று டியூப் இருந்தது. அதன் வால்வும் ஷாக்கின் வால்வைப் போலவே ஷ்ரேடர். பையில் இருந்ததோ ஷாக் பம்பு மட்டும். மாட்டினால் மாட்டுகிறது. ஓர் அடிக்குப் பன்னிரண்டு கன செ.மீ.; டயரின் கொள்ளளவு ஆறு லிட்டர்; 25 பி.எஸ்.ஐ. எட்ட ஏறக்குறைய 850 அடி என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, அடிக்கத் தொடங்கினேன். 312-ஆம் அடியில் ஒரு டெம்போ வந்து நின்றது. "ஏனுங்க, காத்துங்களா? ஏறுங்க, கீழ பங்க்சர் கடை இருக்குதுங்க" என்றார் ஓட்டுநர். ஆய்வு அத்துடன் நின்றது. எஞ்சிய 538 அடிகளைக் கருதல் அளவையால் கொள்க.