நாலு சதவீதமும் நண்டுக் கூடையும்

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் உட்கார்ந்திருக்கும் அந்த மேலாளருக்கு வயது 41. நாற்பத்தைந்தில் ஓய்வு பெற்றே தீருவது என்று சங்கல்பம். அதற்காக எக்செல் கோப்பு ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி வளர்த்து வருகிறார். சம்பளம், பங்கு, ஃபண்ட், தங்கம், மகளின் கல்யாணம் என்று அதில் எல்லாவற்றுக்கும் தனித்தனித் தாள். "ஓய்வுக்குப் பிறகு காலையில் என்ன செய்வது" என்ற தாள் மட்டும் காலி. அதை நிரப்பத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பாக்கத்துக்கு வண்டியைக் கிளப்பினார். ஏரிக்கரை ஓரமாக ஒரு மனை, நாலு தென்னை, ஒரு சின்னப் படகு, ஒரு தூண்டில். திட்டம் அவ்வளவுதான்.

கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால், தமிழ்நாடு முடிகிற இடம் ஆரம்பாக்கம். அடுத்த ஊர் தடா, ஆந்திரம். கிழக்கே திரும்பினால் நொச்சிக்குப்பம் போன்ற மீனவ கிராமங்கள். அதற்கப்பால் பழவேற்காடு ஏரி. உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. ஆழமோ பல இடங்களில் இடுப்பளவுதான். பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும். அவற்றுக்கு ஓய்வூதியத் திட்டம் எதுவும் கிடையாது, ஆனாலும் வருடம் தவறாமல் விடுமுறைக்கு வந்துவிடுகின்றன.

மேலாளரின் எக்செல் கோப்புக்கு மூலவர் வில்லியம் பெங்கன் என்கிற அமெரிக்க நிதி ஆலோசகர். சேர்த்த பணத்தில் முதல் வருடம் நாலு சதவீதத்தை எடுத்துச் செலவழி, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போ, முப்பது வருடம் தாங்கும் என்று 1994-இல் அந்த நாட்டுப் பங்குச்சந்தைப் புள்ளிவிவரத்தை வைத்துச் சொன்னவர். அதாவது ஒரு வருடச் செலவின் 25 மடங்கு கையில் இருந்தால் ராஜினாமாக் கடிதத்தை அடிக்கலாம். மாதம் 50,000 ரூபாய் செலவென்றால் ஒன்றரைக் கோடி. இதில் வேடிக்கை என்னவென்றால், பெங்கன் படித்தது விண்வெளிப் பொறியியல். மாதிரி ராக்கெட்டுகள் பற்றி 1973-இல் வந்த ஒரு புத்தகத்தின் ஆசிரியர்களில் அவரும் ஒருவர். ஏரிக்கு அந்தப் பக்கம்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட்டுக்காரர் கணக்கை ராக்கெட் ஏவுதளத்துக்கு எதிரிலேயே அமல்படுத்தப் போகிறோம் என்பது மேலாளருக்குத் தெரிந்திருந்தால் மனைக்கு அப்போதே முன்பணம் கொடுத்திருப்பார்.

ஆனால் பெங்கன் பார்த்தது முப்பது வருடம். நாற்பத்தைந்தில் ஓய்வு பெறுகிறவர் எண்பத்தைந்து வரை இருந்தால் நாற்பது வருடம். மீதிப் பத்து வருடத்துக்கு யார் பொறுப்பு? மேலாளர் அந்தக் கட்டத்தில் "பிள்ளை பார்த்துக்கொள்வாள்" என்று எழுதி வைத்திருக்கிறார். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓய்வுக் கனவு காண்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கதை மனப்பாடம். கரையில் மீனவர் தூங்குகிறார். வெளியூர்க்காரர் எழுப்பி, இன்னும் நிறைய மீன் பிடி, மோட்டார் படகு வாங்கு, கம்பெனி வை, கடைசியில் நிம்மதியாகக் கரையில் தூங்கலாம் என்கிறார். அதைத்தானே இப்போது செய்துகொண்டிருந்தேன் என்கிறார் மீனவர். ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் போல் 1963-இல் மே தினத்துக்காக எழுதிய கதை. பிறகு யார் யாரோ கைவைத்து, அந்த மீனவரை மெக்சிகோக்காரராக்கி, வெளியூர்க்காரருக்கு எம்.பி.ஏ. பட்டமும் வாங்கிக் கொடுத்து, ஊக்கப் பேச்சு மேடைகளில் ஏற்றிவிட்டார்கள். கதை அருமைதான். ஆனால் அந்த மீனவர் வலைக்கு எவ்வளவு கடன் வைத்திருந்தார் என்று ஒரு மேடையிலும் யாரும் கேட்டதில்லை.

கரையில் மேலாளர் பார்த்தபோது தூங்கிக்கொண்டு யாரும் இல்லை. ஒரு பெரியவர் வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கு இரண்டையும் ஒரு கையால் அமுக்கி, மறுகையால் கயிற்றைச் சுற்றி இழுத்து, முடிச்சுப் போட்டுக் கூடையில் வீசினார். கண்மூடித் திறப்பதற்குள் அடுத்தது. சேற்று நண்டு உயிரோடு போனால்தான் காசு. பழவேற்காட்டு நண்டு சிங்கப்பூர் வரைக்கும் உயிரோடுதான் விமானம் ஏறுகிறது. ஒன்றைக் கையில் எடுத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தவர் தனியாக வைத்தார். அண்மையில் ஓடு கழற்றியதாம். உள்ளே சதைக்குப் பதில் தண்ணீர்தான். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், விலை போகாது. மேலாளருக்கு அலுவலகத்தில் இரண்டு பேர் நினைவுக்கு வந்தார்கள்.

"ஐயா, எந்த வயசுல தொழில விடுவீங்க?"

"நான் எங்க சார் உடறது? முட்டி உட்டுச்சுன்னா நானும் உட்டுட்டு வலை பின்ன ஒக்காருவேன்."

அந்தப் பக்கத்து மீனவர்களுக்கு நிர்வாகவியல் தெரியாது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். ஏரியின் தென்பகுதியில் பாடு என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் அதிகம் படும் இடங்களுக்கு முறை வைத்து, இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர் என்று மாற்றிக்கொள்வார்கள். தலைக்கட்டுக் கணக்கில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் வலை போட உரிமை. நல்ல இடத்தை ஒருவரே வளைத்துப் போட முடியாது. இதையே ஒரு ஆலோசனை நிறுவனம் கண்டுபிடித்திருந்தால் நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதி, கோடியில் ரசீது அனுப்பியிருக்கும்.

சீக்கிரம் கோடீஸ்வரர் ஆகிற முயற்சியையும் இந்தக் கடற்கரை பார்த்துவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் நெல்லூரிலிருந்து நாகப்பட்டினம் வரை இறால் பண்ணை மோகம். நெல் விளைந்த வயலை வெட்டிக் குளமாக்கி உப்புத் தண்ணீர் விட்டார்கள். இரண்டு அறுவடையில் வீடு, மூன்றாவதில் கார், ஐந்தாவதில் ஓய்வு என்று கணக்கு. 1994-95-இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. குளம் குளமாக இறால் செத்து மிதந்தது. 1996 டிசம்பர் 11-இல், சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணைக் குளங்கள் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீக்கிரமே ஓய்வு பெற நினைத்தவர்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமாகவே ஓய்வு பெற்றார்கள், கடனோடு.

முதலீட்டு விஷயத்தில் மேலாளருக்கு உண்மையிலேயே பொறாமை வந்தது வேறொரு இடத்தில். கடல் மீனவர்களுக்கு சேமிப்பு நிவாரணத் திட்டம் ஒன்று இருக்கிறது: மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய மாநில அரசுகள் 3,000 சேர்த்து, மீன்வரத்து குறைந்த மாதங்களில் 4,500 ஆகக் கொடுக்கும். ஒன்றுக்கு மூன்று! அவருடைய எந்த ஃபண்டும் இப்படிக் கொடுத்ததில்லை. ஒன்றரை லட்சம் கட்டலாமா என்று அவர் யோசித்தது முகத்திலேயே தெரிந்தது.

பெரியவரின் மருமகனுக்கு 29 வயது. 2019-இல் தொடங்கிய அமைப்புசாராத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் மாதம் 100 ரூபாய் கட்டுகிறார். அறுபதுக்குப் பிறகு மாதம் 3,000 வரும். மேலாளர் உடனே கைப்பேசியைத் தட்டினார். விலைவாசி வருடத்துக்கு ஆறு சதவீதம் ஏறினால், முப்பத்தொரு வருடம் கழித்து வரும் அந்த 3,000-க்கு இன்றைய மதிப்பு 490 ரூபாய் சொச்சம். "அதுக்காகக் கட்டாம இருக்கச் சொல்றீங்களா சார்?" என்றார் மருமகன். மேலாளர் தானே சேர முடியுமா என்று பார்த்தார். வயது வரம்பு 40. தவிர, வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் பி.எஃப். பிடித்தம் உள்ளவர்களுக்கும் இடமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு திட்டம் அவரைப் பணக்காரர் என்று சொல்லித் திருப்பி அனுப்பியது.

கூடையை எடுத்துப்போக வந்த அம்மாதான் அந்த வீட்டின் நிதித்துறை. நண்டை எண்ணி, வியாபாரியிடம் விலை பேசி, முன்பணத்தில் கழித்து, மீதியை முந்தானையில் முடிந்தார். எக்செல் எதுவும் திறக்கவில்லை. பிறகு மேலாளரைப் பார்த்து, "இன்னா சார், மனை பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. ரிடையர் ஆயிட்டு இங்கேயே ஒரு படகு வாங்கி மீன் பிடிக்கலாம்னு."

"எந்த ஊருத் தலைக்கட்டு?"

"திருவான்மியூர்."

"அங்கயும் குப்பம் இருக்குதே சார். அங்க கேட்டுப் பாருங்க."