கிராம் சார்

ஞாயிறு விடியற்காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போகிறவர்கள் இந்த ஆசாமியைப் பார்க்காமல் இருக்க முடியாது. திருவான்மியூரில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் மகாபலிபுரம் தொட்டுத் திரும்பிவிட வேண்டும் என்று பின்விளக்கை மினுக்கிக்கொண்டு போகும் சைக்கிள் கூட்டத்தில் எத்தனையோ ரகம் உண்டு. முன்னால் போகிறவனை முந்தாவிட்டால் சோறு இறங்காதவர், வழியில் குரைக்கிற நாய்க்கெல்லாம் பெயர் வைத்திருப்பவர், கோவளத்து டிபனுக்காக மட்டுமே மிதிப்பவர். இவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் அடிக்கடி வலது கையை முதுகுக்குக் கொண்டுபோய், சட்டையின் பின்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே வருவார். பையில் ஒன்றும் இருக்காது. அதில் வைக்கப்போகிற கேமராவுக்கு இடம் பார்க்கிறார்.

எங்கள் குழுவில் அவருக்குக் கிராம் சார் என்று பெயர். மற்றவர்கள் கிலோமீட்டர் பேசுவார்கள், இவர் கிராம் பேசுவார். தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டைக் கார்பனுக்கு மாற்றியதில் மிச்சம் 30 கிராம். டயருக்குள் இருந்த ரப்பர் ட்யூப்களைத் தூக்கிப் போட்டுவிட்டு டி.பி.யூ. ட்யூப் மாட்டியதில் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 130. பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனம் விதி வைத்திருக்கிறது. சாருடையது எட்டரைக்குப் பக்கத்தில் நிற்பதால் விதியை மீறும் அபாயம் தற்சமயம் இல்லை. இப்படிச் சேர்ந்த கிராம்களை அவர் மகள் கல்யாணத்துக்கு நகை சேர்ப்பது போலத் தொடாமல் வைத்திருக்கிறார். மொத்தமும் கேமராவுக்கு. கோவளத்தில் இரண்டு பிளேட் பொங்கலும் மூன்று வடையும் உள்ளே போவது இந்தக் கணக்கில் வராது. அது வேறு பேரேடு.

"போன்லயே எடுத்துடலாமே சார்?" என்று புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கேட்டுவிட்டான். பழைய ஆட்கள் எல்லாரும் சட்டென்று டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்துகொண்டோம்.

"தம்பி, வியர்த்த விரலால போனைத் தொட்டுப் பார்த்திருக்கியா? நீ கேமராவைத் திறப்பே, அது கால்குலேட்டரைத் திறக்கும். சரி, ஹேண்டில்பார்ல மாட்டலாம்னு சொல்லுவே. பெரிய எஞ்சினோட அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுத்துடும்னு ஆப்பிள்காரனே 2021ல எழுதி வெச்சிருக்கான்."

"அது மோட்டார் பைக்குக்கு சார்."

"நீ எங்க ஏரியா சர்வீஸ் ரோடுல வந்ததில்லையே?"

வியர்வை விஷயத்தில் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும். சென்னையில் சைக்கிள் ஓட்டுகிறவனின் பின்பை என்பது சின்ன உப்பளம். அதனால்தான் எங்களில் பாதிப் பேர் கழுவிக் காயவைத்த பால் கவரில் போனைச் சுற்றி வைக்கிறோம். வழியில் நல்ல காட்சி ஒன்று கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி, கவரைப் பிரித்து, கையைத் துடைக்கத் துணி தேடி, உடம்பில் காய்ந்த துணியே இல்லை என்று கண்டுபிடிப்பதற்குள் காட்சி கிளம்பிப் போயிருக்கும்.

சாரிடம் ஓர் எக்செல் கோப்பு இருக்கிறது. அலுவலகத்தில் பத்துப் பேர் வேலையை மேய்க்கிறவர் என்பதால் அதில் கலர் எல்லாம் போட்டிருக்கும். முதல் இடத்தில் நிரந்தரமாக இருப்பது சோனி ஆர்.எக்ஸ்.100. 2012இல் முதல் மாடல் வந்தபோது 240 கிராம். சட்டைப் பையில் அடங்குகிற உடம்புக்குள் ஓர் இஞ்ச் சென்சார் என்று உலகமே வியந்தது. 2019இல் வந்த ஏழாவது மாடல் 302 கிராம், ஆனால் 24இலிருந்து 200 மில்லிமீட்டர் வரை ஜூம். குறை என்னவென்றால் லென்ஸ் மூக்கை நீட்டிக்கொண்டு வெளியே வரும். கடற்கரைச் சாலையில் காற்றே பாதி மணல். லென்ஸ் வாயில் இருக்கும் மெல்லிய இதழ்களில் ஒரு துணுக்கு மாட்டினாலும் மூடாது, அல்லது திறக்காது. இரண்டாவது ரிக்கோ ஜி.ஆர்.3. எடை 257 கிராம், சென்சார் இன்னும் பெரிசு. ஒற்றைக் கையிலேயே எல்லாப் பொத்தானும் எட்டும். பார்த்தவுடன் சைக்கிள்காரனுக்கென்றே செய்தது போல இருக்கும். ஆனால் ஜூம் கிடையாது, 28 மில்லிமீட்டர் பார்வை ஒன்றுதான்.

"அதுல கொல்லிமலை செத்துப்போயிடும் சார்," என்பார் கிராம் சார்.

இது வேடிக்கைப் பேச்சு போலத் தெரிந்தாலும் உள்ளே சரக்கு இருக்கிறது. அகலப் பார்வை லென்ஸில் சரிவு சரிவாகத் தெரியாது. கிட்டத்தில் இருக்கும் சாலை பரந்து விரிந்து, மேலே ஏறிப் போகிற பகுதி எங்கோ ஒட்டிக்கொண்டு சுருங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நாக்குத் தள்ள ஏறிவிட்டு வந்து படத்தைக் காட்டினால், மெரினா கடற்கரைச் சாலையில் கொஞ்சம் மரம் நட்டது போல இருக்கும். "இதுக்கா நாலு மாசம் பயிற்சி?" என்று வீட்டில் கேட்பார்கள். தள்ளி நின்று 200 மில்லிமீட்டரில் இழுத்து எடுத்தால்தான் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு மலை மலையாக நிற்கும். ஹெல்மெட்டில் ஆக்‌ஷன் கேமரா மாட்டிக்கொண்டு வருகிறவர்களின் சோகமும் இதுதான். மூன்று மணி நேரப் படத்தில் ஒரு மேடுகூட இல்லாமல், முன்னால் போனவரின் முதுகு மட்டும் தெளிவாக இருக்கும்.

மூன்றாவது வேட்பாளர் ஒலிம்பஸ் டி.ஜி.6. தண்ணீருக்குள் 15 மீட்டர் ஆழம் வரை போகும், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து போட்டாலும் பிழைக்கும், 100 கிலோ பாரத்தைத் தாங்கும். லென்ஸ் வெளியே நீளாது, உள்ளுக்குள்ளேயே வேலை பார்த்துக்கொள்ளும். மணலாவது ஒன்றாவது. ஆனால் சென்சார் இத்துணூண்டு, புதிய போன்கள் பலவற்றில் இருப்பதைவிடச் சின்னது. போனை வேண்டாம் என்றவர் போனைவிடச் சின்ன சென்சாரைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற தர்மசங்கடத்தில் சாருக்குச் சில இரவுகள் தூக்கம் போனது என்று கேள்வி.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் சரித்திரமும் வரும். 1890களில் அமெரிக்காவில் சைக்கிள் மோகம் தலைவிரித்து ஆடியபோது, கேமராத் தொழிலின் தலைநகரான ராச்செஸ்டரில் 'சைக்கிள் போகோ' என்ற பெயரிலேயே மடக்கு கேமராக்கள் விற்றார்கள். மரமும் தோலும் பித்தளையும், உள்ளே கண்ணாடித் தகடும். அதே ஊர்க்காரரான கோடக் ஈஸ்ட்மனும் சைக்கிள் பிரியர். 1979இல் ஜப்பானில் மைதானி என்ற பொறியாளர், உறையே வேண்டாத, மூடியை நகர்த்தினால் தயாராகிற ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ.வைச் செய்தார். 2004இல் வந்த முதல் கோப்ரோ டிஜிட்டலே இல்லை, ஃபிலிம் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்வது.

"ஆக, நூத்து முப்பது வருஷமா மனுஷன் இதைத்தான் தேடிட்டிருக்கான்," என்று சார் முடிப்பார்.

"கண்ணாடித் தகட்டைக் கட்டித் தூக்கிட்டு ஓட்டினவன் படம் எடுத்துட்டானே சார்," என்றார் டீ மாஸ்டர், ஆற்றிக்கொண்டே. அவருக்குக் கேமராவும் தெரியாது, சைக்கிளும் ஓட்டுவதில்லை. இருந்தாலும் இந்த விஷயத்தில் அதுவரை யாரும் பேசாத நியாயம்.

அதற்குப் பிறகுதான் மரக்கட்டை வந்தது. வீட்டில் தச்சு வேலை நடந்தபோது மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்றை 101.6 மில்லிமீட்டர் நீளம், 58.1 உயரம், 42.8 கனம் என்று இழைக்கச் சொல்லி, நடுவில் துளை போட்டு, நட்டும் போல்ட்டும் திணித்து, சமையலறைத் தராசில் வைத்து, 302 வருகிறவரை போல்ட்டை மாற்றி மாற்றி, கடைசியில் ஒரு வாஷரில் சரிக்கட்டியிருந்தார். சோனியின் அதே உயரம், அதே எடை. மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு. ஷட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆணித் தலை.

அதைப் பின்பையில் போட்டுக்கொண்டு அவர் மகாபலிபுரம் வரை வந்தார். உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் ஒத்திகை ஆரம்பம். வலது கை பின்னால் போகும், கட்டை வரும், கண்ணுக்கு நேரே நிற்கும், ஆணியை விரல் அழுத்தும், கட்டை திரும்பப் பைக்குள் போகும். இடது கை ஒரு பிரேக்கை மட்டும் நம்பிக்கொண்டிருக்கும். உலகத்துக் கேமராக்காரர்கள் எல்லாரும் ஷட்டரை வலது பக்கமே வைத்திருப்பது சைக்கிள்காரர்களுக்கு எதிரான சதி என்று அவர் அன்று கண்டறிந்தார். எங்களுக்கும் சும்மா இருக்க முடியவில்லை. முட்டுக்காடு பாலத்தில் அவர் கட்டையைத் தூக்கியதும், பின்னால் காயல் வருகிற மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு நின்றோம். நடைப்பயிற்சிக்கு வந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இது என்ன மாடல் சார், புதுசா இருக்கே?" என்று கேட்டார். சார் கொஞ்சமும் சிரிக்காமல், "இன்னும் முடிவு பண்ணலீங்க," என்றார்.

எதைப் படம் எடுக்கப்போகிறார் என்று யாரும் அதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டோம். வெகுநேரம் யோசித்தார். "மொதல்ல கேமரா வரட்டும்," என்றார்.

என்னைக் கேட்டால், அந்த மரக்கட்டைதான் அவர் செய்த ஒரே உருப்படியான ஆராய்ச்சி. மெகாபிக்சலும் சென்சாரும் கடைக்காரனின் கவலை. பையிலிருந்து ஒரு கையால் வெளியே வந்து, ஓடத் தயாராகி, திரும்ப உள்ளே போக எவ்வளவு நேரம், வியர்வையும் தூசியும் பட்டால் எத்தனை நாள் உயிரோடு இருக்கும், இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மீதிக் கட்டங்களை எக்செல்லில் அழித்துவிடலாம். லாரி ஓடுகிற சாலையில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்று எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் பொழுதுபோக்கு ஒழிந்துவிடுமே! அவர் சைக்கிள் ஓட்டுகிறவருமில்லை, படம் எடுக்கிறவருமில்லை. தேர்வு செய்வது என்பது தனி ஆட்டம், அதில் அவர் மாநில அளவில் ஆடக்கூடியவர்.

கேமரா வருவதற்கு முன்பே கேமரா வைக்கும் பெட்டி வந்துவிட்டது. சென்னை ஈரத்தில் ஐப்பசி கார்த்திகையில் அலமாரிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். சிலந்தி வலை மாதிரி உள்ளே படர்ந்தால் எடுப்பது கஷ்டம். அதற்காகக் கண்ணாடிக் கதவு, உள்ளே சின்ன விளக்கு, ஈரப்பதத்தை 45 சதவீதத்தில் பிடித்து வைக்கிற மின்சாரப் பெட்டி ஒன்றை ஆடித் தள்ளுபடியில் வாங்கிக் கூடத்தில் வைத்தார். காலியாக விளக்கெரிந்துகொண்டு நின்ற பெட்டியை அவர் மனைவி ஒரு மாதம் பார்த்தார். அடுத்த மாதம் அதில் அப்பளக் கட்டு ஏறியது. பிறகு சுண்டைக்காய் வற்றல், மோர் மிளகாய், கூழ்வடகம். அடைமழை மாதத்திலும் அந்த வீட்டு அப்பளம் கண்ணாடி போல நொறுங்குகிறது என்று அக்கம்பக்கத்தில் பெயர் பரவி, இரண்டு வீட்டுக்காரர்கள் தங்கள் வடகத்தையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கடைசியில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த மச்சினர் முடிவைக் கையில் எடுத்துக்கொண்டார். எக்செல் கோப்பைப் பார்க்காமலே, கடையில் "எது லேசுல உடையாது?" என்று கேட்டு டி.ஜி.6ஐ வாங்கி வந்து கொடுத்துவிட்டார். சார் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஐந்தாம் நாள் தராசில் வைத்தார், 253. தேக்குக் கட்டையைவிட 49 கிராம் குறைவு என்றதும் முகம் தெளிந்தது. துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே இடமில்லை.

"கொஞ்சம் அந்த வற்றல் டப்பாவை எடும்மா, கேமரா வைக்கணும்."

"ஏங்க, இது தண்ணிக்குள்ளயே பதினஞ்சு மீட்டர் போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"தண்ணிக்குள்ள போறதுக்கு ஈரம் என்ன பண்ணும்? அது டி.வி. மேலயே இருக்கட்டும். மழை நாள்ல வடகம் நமுத்துப்போகும்."

பதில் சொல்ல முடியாத கேள்வி. போன ஞாயிறு கோவளத்தில் இரண்டாவது பொங்கலை முடித்துவிட்டு எங்களிடம் சொன்னார், வீட்டில் அவ்வளவு செலவழித்து வாங்கிய பெட்டி வீணாகப் போகிறதாம். அதன் மரியாதைக்காகவாவது ஈரம் தாங்காத கேமரா ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம். கோப்பில் புதிய கட்டம் ஒன்று சேர்த்திருக்கிறார்.