மூடி மன்னர்

மூடி மன்னருக்கு ராக்கெட் மேல் அப்படியொன்றும் பிரியம் கிடையாது. செயற்கைக்கோள் மேலும் கிடையாது. செயற்கைக்கோளைக் காற்றில் அடிபடாமல் கொண்டுபோக ஒரு மூடி வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான் அவர் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாடுகிறார்.

இந்த ஜாதி ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் எதிர் ஃபிளாட்டில் இருக்கிறார். பகலில் அலுவலகத்தில் கணக்கு வழக்கு; ராத்திரியானால் விண்வெளி மைய இயக்குநர். மெக்சிகோவைச் சேர்ந்த ஸ்குவாட் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட விளையாட்டு அது. ராக்கெட்டை நாமே பாகம் பாகமாக அடுக்கி, நாமே ஏவி, பெரும்பாலும் நாமே வெடிக்கவிட்டுக்கொள்ள வேண்டும். கெர்பின் என்று ஒரு குட்டிக் கிரகம். ஆரம் 600 கிலோமீட்டர். காற்று மண்டலம் 70 கிலோமீட்டரோடு சரி. பச்சை நிறத்தில், தலை பெருத்த குள்ளர்கள் நம்மை நம்பி உள்ளே ஏறி உட்காருவார்கள். அவர்களுடைய அறிவைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

2015-க்கு முந்தைய காலத்தை மன்னர் இருண்ட காலம் என்பார். அப்போது விளையாட்டில் காற்றின் தடையைப் பாகத்தின் எடையை வைத்துக் கணக்குப் போட்டார்களாம். தலையில் கூர்மையான கூம்பு வைத்தால் எடை கூடும். எடை கூடினால் தடையும் கூடும். ஆகவே மொட்டைத் தலையோடு, நாலா பக்கமும் கம்பி நீட்டிக்கொண்டு கண்டதெல்லாம் மேலே ஏறின. மூடி வேண்டுமென்று ஆசைப்பட்டவர்கள் யாரோ ஒரு புண்ணியவான் செய்துவைத்த கூடுதல் பாகங்களை இறக்கிப் போட்டுக்கொண்டார்கள். 2015 ஏப்ரலில் 1.0 பதிப்பு வந்தது. காற்று காற்றாக நடந்துகொள்ள ஆரம்பித்தது. மூடி கட்டுவதற்கான அடித்தட்டும் விளையாட்டிலேயே வந்துவிட்டது. அந்தத் தேதியை மன்னர் தன் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். அப்படி வைத்திருக்கிறார் என்பதை வீட்டம்மாவும் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

அவர் மூடி கட்டும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் ரெண்டே நிமிஷத்தில் தயாராகிவிடும். கைக்குக் கிடைத்ததை ஒட்டிவிடுவார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். அடித்தட்டில் கிளிக் செய்ததும் சுற்றுச் சுவர் ஒன்று மவுஸோடு சேர்ந்து எழும்பும். வெளியே இழுத்தால் அகலும், உள்ளே தள்ளினால் குறுகும். ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு வளையம் நிற்கும். கடைசியில் குறுக்கிக்கொண்டே போய் நுனியைச் சேர்த்தால் மூடிக்கொள்ளும். சுவர் ஏற ஏற மன்னரின் தாடையும் மேலே போகும். அகலப்படுத்தும்போது மூச்சை இழுத்துக்கொள்வார், நுனி சேரும்வரை விடமாட்டார். நுனியும் சேரும். ஒரு நொடி பார்ப்பார். “தோள் இடிக்குது” என்பார். எந்தத் தோள், எதில் இடிக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

முடிந்த மூடியின் மேல் மவுஸைக் கொண்டுபோனால், தகடுகள் விலகி உள்ளே இருப்பது தெரியும்படி விளையாட்டில் ஒரு வசதி உண்டு. அந்த வசதி அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. லீவுக்கு வந்திருந்த அவருடைய அக்கா பையன் ஒருநாள் கேட்டுவிட்டான்: “மாமா, இதுக்குள்ள என்ன இருக்கு?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம்டா. இந்த வளைவைப் பாரு.”

வளைவுக்கு ஒரு விலை உண்டு. மூடி பெருத்தால் எடை ஏறும், செலவும் ஏறும். அதைவிட மோசம், ராக்கெட்டுக்குத் தலை கனத்துவிடும் என்று நாம் நினைப்போம். தலை கனத்தால் பரவாயில்லை, தலை பருத்தால்தான் ஆபத்து. பருத்த தலையைக் காற்று பிடித்துக்கொள்ளும். காற்று தள்ளும் இடம் எடை மையத்துக்கு மேலே போய்விட்டால், சற்றே சாய்ந்த ராக்கெட் இன்னும் சாயும், அப்படியே குப்புறக் கவிழும். அம்புக்கு வாலில் இறகு கட்டுவதன் நியாயம் இதுதான். வாலில் துடுப்பு வையுங்கள் என்று விளையாடத் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். மன்னருக்குத் துடுப்பு வைத்தால் அழகு கெட்டுவிடும். எனவே பத்து கிலோமீட்டர் உயரத்தில் ராக்கெட் கரணம் போடும். திரையின் மூலையில் ஜெபடையா என்ற விமானி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பான். அவன் சுபாவம் அது. பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

கவிழ்வதற்குக்கூட முதலில் கிளம்ப வேண்டுமே. எந்தப் பாகம் எப்போது இயங்க வேண்டும் என்று திரையின் ஓரத்தில் ஒரு வரிசை இருக்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டத் தட்ட ஒவ்வொரு கட்டமாக நடக்கும். மூடி பிரியும் கட்டத்தை இன்ஜின் பற்றும் கட்டத்திலேயே விட்டுவிடுவது இவருடைய வாடிக்கை. கவுண்ட் டவுனை வாய்விட்டே சொல்வார். பூஜ்யம் என்றதும் ஸ்பேஸ் பார். இன்ஜின் முழங்கும், அதே நொடியில் அன்று மாலை முழுவதும் இழைத்த மூடி ரெண்டாகப் பிளந்து ஏவுதளத்திலேயே விழும். உள்ளே கைக்குக் கிடைத்ததை ஒட்டிய அந்தச் செயற்கைக்கோள், அம்மணமாக ஆகாயம் ஏறும்.

“பிரிஞ்சுது பாத்தீங்களா, எவ்வளவு சுத்தமா!” என்பார் மன்னர்.

எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டாலும் சங்கடம்தான். மூடியைக் கழற்ற அவருக்கு மனசு வராது. காற்று மெலிந்துவிட்ட ஐம்பது, அறுபது கிலோமீட்டரிலேயே கழற்றி எறிந்துவிடலாம். அதற்கு மேல் அது வெறும் சுமை. நிஜ ராக்கெட்டுகளிலும் நூறு கிலோமீட்டர் தாண்டியதும் முதல் வேலையாக எறிவது இதைத்தான். இவரோ வெயில் சரியான கோணத்தில் விழட்டும் என்று காத்திருப்பார். எத்தனை துண்டாகப் பிரிய வேண்டும், எவ்வளவு வேகத்தில் விலக வேண்டும் என்பதையெல்லாம் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். இவருக்கு எப்போதும் சிப்பி மாதிரி ரெண்டு பாதிதான், அதுவும் நிதானமாக. அந்த நிதானத்தில் ஒரு பாதி திரும்பி வந்து செயற்கைக்கோளின் ஆன்டெனாவை ஒடித்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

சமையலறையிலிருந்து குரல் வரும்: “என்னங்க, சாப்பாடு ஆறுது.”

“இதோ, எழுபது கிலோமீட்டர் தாண்டிட்டு வந்துடறேன்.”

“வரும்போது தயிர் வாங்கிட்டு வாங்க.”

தோல்விகளுக்கு அவரிடம் சரித்திரச் சான்று இருக்கிறது. 1966 ஜூனில் ஜெமினி 9ஏ விண்கலத்தில் போன ஸ்டாஃபோர்டும் செர்னனும் ஓர் இலக்குக் கலத்தோடு இணைய வேண்டும். கிட்டே போய்ப் பார்த்தால் அதன் மூடி பாதி திறந்து, கழன்று விழாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. கோபக்கார முதலை வாயைப் பிளந்த மாதிரி இருந்தது என்று ஸ்டாஃபோர்டு சொன்னார். இணைப்பு ரத்து. 2009-இல் தென் கொரியாவின் நாரோ ராக்கெட்டில் ஒரு பாதி மட்டும் கழன்று, மறுபாதி ஒட்டிக்கொண்டே போனது. அதே வருஷம் நாசாவின் கார்பன் கண்காணிப்புச் செயற்கைக்கோள் ஓசிஓவின் மூடி பிரியவில்லை. 2011-இல், ஓசிஓ போன அதே டாரஸ் ரக ராக்கெட்டில் குளோரி என்ற அடுத்ததற்கும் அதே கதி. 2017 ஆகஸ்ட் 31 மாலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பிஎஸ்எல்வி சி-39-ஐப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுக்கும். மூடியாக இருந்த வெப்பக் கவசம் கழலாமல், ஐஆர்என்எஸ்எஸ்-1ஹெச் செயற்கைக்கோள் கவசத்துக்குள்ளேயே பிரிந்தது. வெளியே வர வழியில்லை.

“அத்தனை பேர் உக்காந்து பண்ணதே கழலலை. எனக்கு லாஞ்ச் பேடுலயே கழலுது!” இதை அவர் ஒரு முன்னேற்றமாகவே கருதுகிறார்.

செலவு பற்றிப் பேச்சு வந்தால் ஃபால்கன் 9 ராக்கெட். அதன் மூடி 13 மீட்டர் உயரம். ஒரு ஜோடிக்கு அறுபது லட்சம் டாலர் ஆகும் என்று ஈலான் மஸ்க்கே சொல்லியிருக்கிறார். கீழே வரும் பாதிகளைப் பிடிக்க வலை கட்டிய கப்பலைக் கடலுக்கு அனுப்பி, 2019-இல் ஒன்றைப் பிடித்தும் விட்டார்கள். “உலகத்துல யாராவது மூடியைப் பிடிக்கக் கப்பல் அனுப்புவானா? அனுப்பினான் சார்!” என்று அவர் சொல்லும்போது அந்தக் கப்பலில் தனக்கு ஒரு பங்கு இருக்கிற தோரணை தெரியும்.

போன வாரம் எல்லாமே கூடி வந்தது. வரிசையைப் பையன் சரிபார்த்திருந்தான். துடுப்பும் மாமாவுக்குத் தெரியாமல் அவன் வைத்ததுதான். ராக்கெட் சாய்ந்து, வளைந்து, ஒழுங்காக ஏறியது. 70 கிலோமீட்டர் தாண்டியதும் மூடி ரெண்டாகப் பிரிந்து, வெயிலில் மின்னி, ஒன்றையும் இடிக்காமல் ஒதுங்கிப் போனது. மன்னர் எழுந்து நின்றுவிட்டார். இனி உச்சிக்குப் போய் இன்ஜினைத் திருப்பிப் பற்றவைத்தால் சுற்றுப்பாதை.

இன்ஜின் பற்றவில்லை. செயற்கைக்கோளில் மின்சாரம் தீர்ந்து போயிருந்தது. உள்ளே இருந்தது இத்தனூண்டு பேட்டரி ஒன்று. சோலார் தகடு ஒன்றுகூட இல்லை, வைக்கவே இல்லை. உச்சிக்குப் போன கலம் அசையாமல் அப்படியே கீழே திரும்பி வர ஆரம்பித்தது.

“நான் அப்பவே உள்ள என்ன இருக்குன்னு கேட்டேன்ல மாமா?”

மன்னர் பதில் சொல்லவில்லை. கட்டுமானக் கூடத்துக்குப் போய்ப் பெரிய பேட்டரியாக ரெண்டு எடுத்து ஒட்டினார். மடக்கு சோலார் தகடு இரண்டு, ஆன்டெனா ஒன்று. எல்லாவற்றையும் சேர்த்து அடித்தட்டின் மேல் வைத்துப் பார்த்தார். பழைய மூடிக்குள் அடங்கவில்லை. ரெண்டு பக்கமும் பிதுங்கியது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

“பெரிசாத்தான் கட்டணும் போல இருக்கே” என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.