கசியாதது பணம் மட்டும்

2023 மார்ச்சில் ஜொகூரின் யோங் பெங்கில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை. பெக்கோக் ஆறு கரைபுரண்டது. வெள்ளம் கேட்காமலே வீடு புகுந்து அடுப்பங்கரை வரை வந்தது. மீட்டர் இல்லை, பில் இல்லை. பத்து பகாட் வட்டாரத்தில் அது வாரக்கணக்கில் வடியவில்லை. குடிக்க மட்டும் போத்தல் தண்ணீர்.

ஆற்றுக்கு நன்றி. டெண்டர் எடுக்காமல், கமிஷன் கேட்காமல் எல்லா வீட்டுக்கும் சரிசமமாக விநியோகம் செய்த ஒரே நிறுவனம் அதுதான்.

மற்ற விநியோகம் எப்படி நடக்கிறது என்பதற்குச் சபாதான் பாடப்புத்தகம். அங்கே நீர்த்துறையின் உச்ச நாற்காலிகளில் இருந்த இருவரை 2016 அக்டோபரில் ஊழல் தடுப்பு ஆணையம் பிடித்தது. பறிமுதலானது 110 மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல். அதில் ரொக்கமே 50 மில்லியனைத் தாண்டியது. நோட்டுக்கட்டுகளை மேசைமேல் சுவராக அடுக்கி, பின்னால் அதிகாரிகள் நின்ற படத்தை மறந்தவர் உண்டா? டிசம்பரில், பணத்தை வெளுத்ததாக 37 குற்றச்சாட்டுகள். யார் குற்றவாளி என்பது நீதிமன்றத்தின் பாடு. என் வியப்பெல்லாம் பொறியியல் பற்றியது. சபாவில் சுத்திகரித்த தண்ணீரில் பாதிக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. பணமோ சொட்டுச் சிந்தாமல் தேங்கியிருக்கிறது. அந்தக் குழாயைப் பதித்த குத்தகையாளர் யார்? அவரை ஏன் நாடு முழுக்க வேலைக்கு அமர்த்தவில்லை?

பணம் வந்த வழி ஒன்றும் சிதம்பர ரகசியம் இல்லை. சபாவின் தண்ணீர்த் திட்டங்களுக்கு 2010 முதல் கூட்டரசு ஒதுக்கியது 3.3 பில்லியன் ரிங்கிட். அந்த வேலைகள் உறவுக்காரர்களின், வேண்டியவர்களின் நிறுவனங்களுக்குப் போயின என்பதுதான் ஆணையத்தின் சந்தேகம். அங்கே கிராமத்துப் பிள்ளைகள் மழைநீரைப் பீப்பாயில் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. கோபம் வரவில்லையா உங்களுக்கு? எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடல் தாண்டிய கதைதானே என்று ஜொகூர்க்காரர் சிரிக்க வேண்டாம். நாடு முழுக்கச் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காசாகாமல் தொலைகிறது; ஜொகூரில் ஏறக்குறைய கால்பங்கு. எல்லாமே திருட்டு என்று சொல்ல மாட்டேன். பாதிப் பழி, மண்ணுக்கடியில் உளுத்துக் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய்களுக்கு. ஆனால் அவற்றை ஏன் மாற்றுவதில்லை? புதைந்த குழாய்க்கு ரிப்பன் வெட்ட முடியாது, டத்தோ வந்து கல்வெட்டைத் திறக்க முடியாது. எனவே ஓட்டைக்கு ஒட்டு, கட்டணத்துக்கு ஏற்றம். 2024 பிப்ரவரியில் தீபகற்பத்தில் வீட்டுத் தண்ணீர் கன மீட்டருக்குச் சராசரியாக 22 சென் ஏறியது. கசிந்த தண்ணீருக்கும் சேர்த்துக் கட்டியவர் நாம்தான்.

கழிவுநீரின் கதை இன்னும் சுவையானது. 1993-இல் இண்டா வாட்டர் என்ற தனியார் நிறுவனத்துக்கு அந்தச் சேவையை நடத்த 28 ஆண்டு உரிமை கொடுத்தார்கள். தனியார் வந்தால் திறமை வரும் என்றார்கள். 2000-இல் அரசாங்கமே அதை வாங்கிக்கொண்டது. லாபம் வந்தால் தனியாருடையது, மலம் மட்டும் பொதுச்சொத்து.

சட்டத்துக்குக் குறைவில்லை. 2006-இன் நீர்ச் சேவைத் தொழில் சட்டம் இருக்கிறது, அதைக் கண்காணிக்க ஸ்பான் என்ற தேசிய நீர்ச் சேவை ஆணையம் இருக்கிறது. நிறுவனத்துக்காக யாராவது லஞ்சம் கொடுத்தால் அந்த நிறுவனமே பதில் சொல்ல வேண்டும் என்ற, ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. இத்தனை நாய்கள் காவல் காக்கும் வீட்டில் திருடன் எப்படி நுழைகிறான்? நுழைய வேண்டியதில்லை; சாவியே அவன் கையில்.

ஆகவே என் விண்ணப்பம் சின்னது. சாலையோரத் திட்டப் பலகையில் வேலையின் பெயர், குத்தகையாளர், தேதி எல்லாம் போடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட அதிகாரிக்குக் குத்தகையாளர் என்ன முறை என்று இன்னொரு வரி சேருங்கள்: மாமனா, மச்சானா, சகலையா. பலகையில் இடம் போதாவிட்டால் பெரிய பலகையாக அடியுங்கள். அதற்கும் ஒரு டெண்டர் விடலாம். யாருக்கு என்றுதான் உங்களுக்கே தெரியுமே.