பின்சீட்டுக்காரர்கள்

என் பைக்கில் ஐந்து கியர் இருப்பதாக அதன் கையேடு சொல்கிறது. மூன்று வரைக்கும் எனக்கு நல்ல பழக்கம். நான்காவதை டிக்கோயாவுக்கும் ஹட்டனுக்கும் இடையில் எப்போதாவது சந்தித்து வணக்கம் சொல்வதுண்டு. ஐந்தாவது நோட்டன் பிரிட்ஜ்காரனுக்கு வாய்ப்பதில்லை. அதைப் போடக் காலைத் தூக்குவதற்குள் அடுத்த முடக்கு வந்துவிடும். ஸ்பீடோமீட்டரின் வலது பாதியில் 80, 100, 120 எல்லாம் ஷோரூமில் இருந்த அதே மினுக்கத்தோடு இன்னும் இருக்கின்றன. முள் அந்தப் பக்கம் போய் எதையும் அழுக்காக்கவில்லை.

இருந்தாலும் நான் பைக் பைத்தியம். 2001இல் இந்தியாவில் பல்சர் இறங்கிய பிறகு எங்கள் பக்கத்து இளவட்டங்களுக்குத் தெரியாத சிசி கிடையாது. இஸ்தோப்பில் உட்கார்ந்தால் எந்த வண்டி எத்தனை செக்கனில் நூறைத் தொடும் என்று அடிதடி வரைக்கும் போகும். அடித்துக்கொள்பவர்களில் ஒருவரும் அறுபதைத் தொட்டவர் இல்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 தொடக்கம்வரை புது வண்டி வரவே இல்லை. பழைய வண்டிக்கு விலை ஏறிக்கொண்டே போனது. அந்த ஐந்து வருடத்தில் எங்களுக்கு ஐந்து வயது கூடி மதிப்புக் குறைந்தது. பைக்குக்கும் அதே ஐந்து வயது கூடியது, மதிப்பும் கூடியது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட, மாப்பிள்ளைக்கு எத்தனை வயது என்பதை விட்டுவிட்டு வண்டி எந்த வருஷத்து வண்டி என்றுதான் விசாரித்தார்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் சின்னத்துரை மலைக்கு வருகிறார் என்று அர்த்தம். கதை நின்றுவிடும், வெற்றிலை கன்னத்துக்குள் ஒதுங்கும், கை தானாக வேகம் பிடிக்கும். நான் வண்டியை வாங்கி முதன்முதலாக லயத்தடிக்கு ஏற்றி வந்தபோது, வேலையை விட்டு எத்தனையோ வருடமான எங்கள் அப்பாயி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் படக்கென்று எழுந்து நின்றார். ஹெல்மட்டைக் கழற்றியதும், "அட, நீதானா? தொரைன்னு நெனச்சுட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டார். அந்த வண்டிக்கு இதுவரை கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஹட்டனுக்கு வேலைக்குப் போகிறவனுக்குக் காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம். காசல்ரீ, வனராஜா, டிக்கோயா என்று வளைந்து வளைந்து போக வேண்டும். குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் காலையில் காபரேட்டருக்குச் சோக் இழுக்க வேண்டும்; ஓட்டுகிறவனுக்கு இஞ்சி தட்டிப் போட்ட ப்ளேன்டீ இழுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வண்டி நகராது.

மாலையில் காசல்ரீத் தண்ணீரும் நானும் செய்வது ஒரே வேலைதான். இரண்டு பேரும் 200 மீற்றருக்கு மேல் கீழே இறங்கி நோட்டனுக்கு வந்து சேர்கிறோம். தண்ணீர் சுரங்க வழியாக இறங்கி, 1965இல் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்தில் 50 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. நான் வீதி வழியாக இறங்கிப் ப்ரேக் ஷூ கருகும் வாசத்தைத் தருகிறேன். இந்த நாட்டுத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கட்டுரை வாசித்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, பைக்கில் இறங்குகிறவனைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

இறக்கத்தில் கிடைக்கும் அந்தச் சக்தியை வீணாக்கக் கூடாது என்று நினைத்தவர் பக்கத்து லயத்து அண்ணன். என்ஜினை நிறுத்தி, நியூட்ரல் போட்டு, அப்படியே வீடுவரை விட்டுவிடும் கலையில் அவர் கலாநிதி. 2022 ஜூன் கடைசியில் பெட்ரோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போய், பிறகு கியூஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆனதும் அவருக்குச் சீடர்கள் பெருகினார்கள். காசல்ரீயிலிருந்து சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் வந்தேன் என்று ஒவ்வொரு நாளும் அறிக்கை வரும். இதில் சின்னச் சின்னக் குறைகள் இருந்தன. கியரில் இல்லாத வண்டியை என்ஜின் பிடித்து இழுக்காது. முழுப் பாரமும் ப்ரேக்கில்தான். டிரம் சூடேறினால் ப்ரேக் மிதி மிதிபடும், வண்டி நிற்காது. அதோடு, அவருடைய பழைய வண்டியில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் என்ஜினிலிருந்தே வருகிறது. என்ஜின் நின்றால் லைட்டும் நிற்கும்.

ஒரு நாள் பொழுது சாயும் நேரம். நல்ல பனிமூட்டம். சத்தமும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் முடக்கில் மிதந்து இறங்கிய அண்ணனைக் கண்ட ஓர் அக்கா, முனி இறங்குகிறது என்று அலறி விழுந்தவர் மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த வாரம் அண்ணன் மிச்சம் பிடித்த பெட்ரோல் முழுவதும் அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியதில் தீர்ந்தது.

லயத்தில் ஒருவன் பைக் வாங்கினால் கடன் கட்டுகிறவன் அவன் மட்டும்தான். மற்றபடி அது பொது வண்டி. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி ஹெலிகொப்டரில் வந்து திறந்துவைத்தார். நாங்கள் அங்கே போவது என் பின்சீட்டில். பல்வலிக்காரர், சுளுக்குக்காரர், சேமலாப நிதி ஆபீசுக்குப் போகும் தாத்தா, பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுக்கும் தகப்பன், கோதுமை மாவு மூட்டை, ஒருமுறை கழுத்துவரை சாக்குக் கட்டிய ஒரு சேவல். "தம்பி டவுனுக்கா?" என்று யாராவது கேட்டால் அது கேள்வி இல்லை, கேட்டு முடிப்பதற்குள் ஏறி உட்கார்ந்திருப்பார்கள். பல்வலிக்காரர்களில் சிலர் குழிகளைத் தாண்டிப் போய்ச் சேரும்போதே குணமாகியிருப்பார்கள்.

பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மட் கட்டாயம் என்பதால் இரண்டாவது ஹெல்மட் ஒன்று வாங்கினேன். அது என் வீட்டில் தங்கிய இரவுகள் குறைவு. மேட்டு லயத்துப் பையன் நண்பனின் வண்டியில் போக இரவல் வாங்குவான், அவனிடமிருந்து பணிய லயத்துக்குப் போகும், அங்கிருந்து டிவிசன் மாறும். திரும்பி வரும்போது உள்ளே முகர்ந்து பார்த்தாலே யார் யார் தலைக்குப் போய் வந்தது என்று சொல்லிவிடலாம்: நல்லெண்ணெய் என்றால் பெரியம்மா, சித்தாலேப என்றால் தாத்தா, கமகமவென்று சென்ட் என்றால் அந்தப் பையனுக்கு ஹட்டனில் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. அவன் விஷயம் அவன் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துபோனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் அம்மா அடுத்த நாள் அதே ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் ஏறினார். முதல் முடக்கு வருவதற்குள் எல்லாம் வெளியாகிவிட்டது.

மழையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மே கடைசியில் தொடங்கினால், ரேன்கோட், அதற்கு மேல் சீட், கால்களுக்குச் சிலிசிலி பேக் என்று கட்டிக்கொண்டு கிளம்புவோம். ஓரமாக நிறுத்தினால் அட்டை ஏறும். விமலசுரேந்திர நீர்த்தேக்கம் வான் பாய்கிறது என்று செய்தியில் சொல்லும்போது என் சப்பாத்து அரை மணி நேரமாக வான் பாய்ந்துகொண்டிருக்கும்.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டதால் புது வண்டி வாங்கலாமா என்று தம்பிமார் ஆலோசனை கேட்டு வருகிறார்கள். அவர்கள் கேட்பது சிசியும் டோர்க்கும். நான் சொல்வது வேறு. ஷோரூமுக்குப் போனால் முதலில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். பின்பக்க ஷொக் அப்சோபரை இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பாருங்கள். மூட்டை கட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கலரை அம்மாவிடம் விட்டுவிடுங்கள். இரண்டாவது ஹெல்மட் மட்டும் உங்கள் தலைக்கு அளவு பார்த்து வாங்காதீர்கள். ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள், கொண்டை உள்ளே போக வேண்டும்.