பிரிந்தும் பிரியாத சந்தை

கேள்வி: 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபோது அரிசி வணிகமும் நின்றுவிட்டதா?
(வாசகர், சன்னதித் தெரு, திருவண்ணாமலை)

பதில்: நிற்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனி ஆட்சிப் பகுதியானபோதும், இரு நாடுகளுக்கும் இடையே அதுவரை இருந்த சுங்கநிலை, அதாவது ஒன்றின் சரக்குக்கு மற்றொன்று புதுவரி விதிக்காத ஏற்பாடு, சில ஆண்டுகள் தொடர்ந்தது. நாணயமோ இன்னும் வியப்பானது: இந்திய ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் மைய வங்கியாக இருந்தது; தொடக்கத்தில் இந்திய ரூபாய் நோட்டுகளின் மீதே ‘பர்மாவில் மட்டும் செல்லும்’ என்னும் பொருளில் ஆங்கில வரியை அச்சிட்டுப் புழங்கவிட்டனர்.

சிக்கல் சந்தையில் அன்று, நிலத்தில் இருந்தது. 1930களின் நெல் விலைச் சரிவில் கடனைத் தீர்க்க இயலாத உழவர்களின் வயல்கள் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் வந்துசேர்ந்ததால், கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் கைக்குப் போயிருந்தது. நிலமிழந்த பர்மிய உழவரின் கோபம் நியாயமானதே. ஆனால் அதன் சுமையை, நிலமே இல்லாத தமிழ்க் கூலித்தொழிலாளரும் சுமக்க நேர்ந்தது கொடுமை. 1941இல் உருவான குடியேற்ற ஒப்பந்தம் அவர்களது வரவைக் கட்டுப்படுத்த முனைந்தபோது காந்தியடிகள் அதைக் கண்டித்தார்.

திருவண்ணாமலைக் கோயில் திருப்பணியில் பெரும்பங்கு கொண்ட சமூகம் நகரத்தார் என்பதால், இக்கேள்வி இவ்வூருக்கு அயலானதன்று. அரிசி வரத்தை உண்மையில் அறுத்தது பிரிவினையன்று, 1942இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றிய போரே.